வால்வு அக்காவின் இன்ஸ்பெக்டர்கள்

எறும்பு ஒன்றை நகத்தால் சுண்டித் தொட்டிக்குள் போடுகிறார் வால்வு அக்கா. எறும்பு துடிக்க, நீரில் சிறு வட்டம் விரிகிறது. ஓரத்தில் சும்மா நின்றிருந்த பூச்சிகளில் நான்கு, கால் நனையாமல் நீரின் மேல் வழுக்கி வந்து அதை மடக்குகின்றன. ஊசி மூக்கால் குத்தி உறிஞ்சுகின்றன.

சுற்றிப் பார்க்க வந்தவர்களிடம் திரும்புகிறார் அக்கா. "பாத்தீங்களா? எங்க வீட்டுக்காரரு நாலு தடவை கூப்பிட்டாலும் இவ்ளோ வேகமா வரமாட்டாரு."

ஊர்க் குடிநீர் நிலையத்தில் ஆற்று நீர் முதலில் வந்து நிற்கும் திறந்த தொட்டி அது. அங்கிருந்து வடிகட்டிக்கு நீரைத் திறந்துவிடுவது பதினாறு வருடமாக அக்காவின் வேலை. மயிரிழைக் கால்களால் நீர்மேல் நடக்கும் இந்தப் பூச்சிகளுக்கு அவர் வைத்த பெயர் இன்ஸ்பெக்டர்கள். சோப்பு கலந்தால் நீரின் மேல்தோல் தளர்ந்துவிடும். அவற்றுக்குக் கால் ஊன்ற இடமிருக்காது. கையில் கிரீம் பூசியவர்களைக்கூட அக்கா அண்டவிட மாட்டார். "கைய உள்ள விட்டீங்க, அதுங்க தலைல கல்லைப் போட்ட மாதிரி."

சென்ற செவ்வாய் காலை எறும்பு விழுந்தது, வட்டம் விரிந்தது, யாரும் வரவில்லை. ஏழெட்டுப் பூச்சிகள் சுவரில் ஏறி ஒண்டியிருந்தன. ஒன்று கால்கள் மடங்கி மெல்ல அமிழ்ந்துகொண்டிருந்தது. அக்கா வால்வை இறுக்கி மூடிவிட்டார்.

நிலையத்தின் பொறியாளர் வியர்க்க விறுவிறுக்க வந்தார். "திறங்கக்கா! மேல்நிலைத் தொட்டி மதியத்தோட காலி. தண்ணி கண்ணாடி மாதிரிதானே இருக்கு?"

"சோப்பு கலந்தாலும் அப்படித்தான் சார் இருக்கும்."

"லேப் ரிப்போர்ட் நாளன்னிக்கு வந்துடும்."

"அதுக்குள்ள ஊரே குடிச்சு முடிச்சிருக்கும்."

"மேல கேட்டா என்னன்னு எழுதறது? பூச்சி சொல்லுச்சுன்னா?"

"முழுகிடுச்சுன்னு எழுதுங்க."

"விளையாடாதீங்க. உங்க வேலைக்கே உலை வச்சிடுவாங்க."

கோபம் வந்தால் அக்காவின் வாயில் 'சார்' தம்பியாகிவிடும். "தம்பி, உங்க குழந்தைக்குப் பால் பவுடர் கரைக்கறதும் இந்தத் தண்ணிலதான்."

பொறியாளர் ஒரு கணம் நீரைப் பார்த்தார். பிறகு கைபேசியை எடுத்து மேலதிகாரியின் எண்ணைத் தேடத் தொடங்கினார்.

அக்கா வால்வின் தலையிலிருந்த நீண்ட இரும்புப் பிடியைக் கழற்றினார். தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து, அதை மடியில் குறுக்காகக் கிடத்தி, அதன்மேல் சாப்பாட்டு டப்பாவை வைத்துத் திறந்தார்.