கிணற்றுப் படம் போட்ட புத்தகம்

நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டி வாசிப்பேன். மெதுவாக வாசித்தாலும் பிழையாக வாசிக்க மாட்டேன். ஆனால் ஒரு புத்தகத்தைத் தொடக்கத்திலிருந்து கடைசிவரை வாசித்து முடித்தது கிடையாது. தேவாரப் புத்தகம் இதில் சேராது. அது பாடமாயிருப்பது, கண்ணை மூடிக்கொண்டும் சொல்லலாம். போன வருசம் கண்ணில் படலம் வெட்டின பிறகு, சாகிறதுக்கு முதல் ஒன்றையாவது முழுதாக வாசிக்கிறது என்று முடிவு கட்டினேன்.

வீட்டில் புத்தகம் என்றால் மருமகளுடையதுதான். அவள் நெடுங்கேணிப் பிள்ளை. பேய்க்கதை எழுதுகிற ஒருவரின் நாவல் எட்டு வைத்திருந்தாள், எல்லாரும் விழுந்து விழுந்து வாசிக்கிற ஆளாம். எட்டையும் கட்டிலில் பரப்பிவிட்டு, எதில் தொடங்குவது என்று கேட்டேன். காட்டு பங்களாக் கதையில் தொடங்கச் சொன்னாள். அதுதான் ஆகப் பயமாம். எனக்குப் பயம் தேவையில்லை, பெரிய எழுத்துத்தான் தேவை என்றேன்.

நானே தெரிந்தெடுத்தேன். மூன்றின் அட்டையில் வெள்ளைச் சேலைக்காரி தலையை விரித்துக்கொண்டு நின்றாள். என்ரை மனிசன் காலமான நாளிலிருந்து நானும் வெள்ளைச் சேலைதான். ஆரைக் கடித்தேன்? மூன்றையும் குப்புறக் கவிழ்த்தேன். இன்னும் மூன்றில் இரத்தம் வடிந்தது. செவ்வாய், வெள்ளியில் எங்கள் வீட்டுக் குசினிக்குள் மீன், இறைச்சி என்று ஒரு மச்சமும் வராது. அந்த நாளிலும் வாசிக்க வேண்டுமே.

"இதிலை எது பிள்ளை சைவம்?"

அவளுக்குச் சிரிப்பு. "பேய் பின்னை கத்தரிக்காயோ மாமி தின்னும்?"

மிஞ்சினது பங்களாவும் கிணறும். பங்களா தலையணை மொத்தம். மற்றது மெல்லிசு, எழுத்தும் பெரிது, அட்டையில் ஒரு கிணறும் கப்பியும் மட்டும். தண்ணியில் என்ன ஊத்தை இருக்கப்போகுது என்று அதை எடுத்தேன். எங்கள் வீட்டில் புத்தகம் வைக்கிற இடம் சாமித்தட்டு. அதிலேயே வைத்தேன்.

ஒரு நாளைக்கு நாலு பக்கம். எட்டாம் நாள் கிணற்றுக்குள் பிணம் வந்தது. அதை அந்த மனிசன் மூன்று பக்கத்துக்கு எழுதியிருக்கிறார், ருசித்துச் சாப்பிடுகிறவர் மாதிரி. தோல் உரிகிறதாம், வாளியில் தலைமயிர் வருகிறதாம், ஊர்ச்சனம் ஒரு கிழமை அந்தத் தண்ணியைக் குடித்ததாம். அதுக்கு மேல், மல்லிகைப்பூ மணந்ததாம்.

சண்டைக்குள் இடம்பெயர்ந்துபோய் எங்கள் ஊர் ஜெயபுரத்துக்குத் திரும்பி வந்தபோது எங்கள் கிணற்றை மூன்று நாள் இறைத்தோம். உள்ளே என்ன கிடந்தது என்று நான் இதில் எழுத மாட்டேன். மணத்தை மட்டும் சொல்கிறேன், மல்லிகை இல்லை.

அன்றைக்கே புத்தகத்தைச் சாமித்தட்டிலிருந்து எடுத்து மாட்டுக்கொட்டில் கூரையில் செருகினேன். தட்டைக் கழுவி மஞ்சள் தண்ணி தெளித்தேன். பிடிக்காவிட்டால் விட்டுவிட்டு வேறொன்றை எடுங்கோ என்றாள் மருமகள். எப்படி விடுவது? பாதியில் விட்டுவிட்டுத் திட்டினால், மாமிக்கு வாசிக்க ஏலாமல் போட்டுது என்றுதானே தாய்க்குப் போனில் சொல்லுவாள்? கொட்டிலில் கதிரையைப் போட்டு, சாணி நாற்றத்துக்கு நடுவில், கடைசி எழுத்துவரை வாசித்தேன்.

திருப்பிக் கொடுத்தபோது எப்படி என்று கேட்டாள்.

"ஊத்தை. மாட்டுக்குப் பக்கத்திலை இருந்து வாசிச்சும் ஊத்தை."

"எண்டாலும் முடிச்சிட்டீங்கள் மாமி. உங்கடை முதல் புத்தகம்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இனி எத்தனை நல்ல புத்தகம் வாசித்தாலும் முதலாவது அந்த ஊத்தைதான். கிணறு என்றால் இறைத்துவிடலாம்.