ஒன்பதாவது எபிசோடில் பிணம் சொன்ன சொல்

அந்த டப்பிங் ஸ்டூடியோவில் அவளுக்கு உறுமல் அக்கா என்று பெயர். வாசல் காவல்காரர் முதல் டைரக்டர் வரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அதில் பாதி கேலி, பாதி மரியாதை. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு அங்கே டீ கொடுக்கும் வேலைக்கு வந்தவள் அவள். அழுகைக்குக் குரல் கொடுக்க வேண்டியவள் வராமல் போன ஒரு நாளில் மைக் முன்னால் நிறுத்தினார்கள். நின்று அழுதாள். நல்லாத்தான் அழுகிறாள் என்றார்கள். அன்றிலிருந்து இருபத்திரண்டு வருஷம். தொடர்களில் யார் யாரோ பெற்ற பிள்ளைகளுக்கெல்லாம் வலியில் கத்தியது அவள்தான். கூட்டத்தின் முணுமுணுப்பு, நோயாளியின் இருமல், கைக்குழந்தையின் சிணுங்கல், எல்லாம் அவள். வசனம் மட்டும் ஒரு வரிகூடக் கிடைத்ததில்லை. வார்த்தை பேசுகிறவர்கள் வேறு சாதி, சத்தம் போடுகிறவர்கள் வேறு சாதி.

ஊரெல்லாம் அழிந்து, செத்தவர்கள் எழுந்து நடக்கிற அந்த ஜாம்பித் தொடர் வந்த பிறகு அவளுக்கு மூச்சுவிட நேரமில்லை. நடந்த பிணங்களில் பாதி அவள் தொண்டையால்தான் உறுமின. ஏழாவது எபிசோடு முடிந்தபோது எச்சில் விழுங்கவே வலித்தது. டாக்டர் குழாய் விட்டுப் பார்த்தார். உள்ளே காய்ப்பு விழுந்திருக்கிறது, மூன்று மாதம் வாயே திறக்கக் கூடாது, மீறினால் குரலை மறந்துவிட வேண்டியதுதான் என்றார். அவள் யோசித்துப் பார்த்தாள். இன்னும் ஐந்து எபிசோடு. அதை முடித்துவிட்டு ஊமையாக இருந்துகொள்ளலாம். இப்போதே போய்ச் சொன்னால் அந்த மைக் முன்னால் வேறொருத்தி நிற்பாள். பிறகு தன்னை யார் தேடப் போகிறார்கள்? அண்ணன் வீட்டுப் பின்னறையில் இருந்தாள். அண்ணனிடமும் சொல்லவில்லை, அண்ணியிடமும் சொல்லவில்லை.

ஒன்பதாவது எபிசோடில், செத்து எழுந்த தாய் ஒருத்தி மகளைத் தேடி வந்து வாசலில் நிற்கிறாள். மகள் கையில் கோடரி. தாய் உறும வேண்டும், அவ்வளவுதான். அதற்கு நாலு மணி நேரம் உறுமவைத்தார்கள். சிவப்பு விளக்கு எரியும்போது எது வேண்டுமென்றாலும் சைகைதான் காட்ட வேண்டும், வாய் திறந்து கேட்கக் கூடாது என்பது அந்த வேலையின் முதல் பாடம். இருபத்திரண்டு வருஷத்தில் ஒருதரம்கூட அதை மீறாதவள், அன்று உறுமலின் நடுவே கண் இருட்டி, “தண்ணி” என்று கேட்டுவிட்டாள். சொல்லின் தலைப்பகுதி தொண்டையிலேயே சிக்கி, ‘ண்ணி’ மட்டும் வெளியே வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்டு இன்ஜினியருக்கும் அரைத் தூக்கம். கேட்டதில் அதுதான் உருக்கமாக இருந்தது என்று அதையே எடுத்து ஒட்டிவிட்டார்.

வெள்ளிக்கிழமை ஒளிபரப்பானது. மறுநாள் காலை அண்ணி போனும் கையுமாக வந்து உட்கார்ந்து வாசித்துக் காட்டினாள். எட்டு வாரமாக அந்தத் தொடரைத் துவைத்துக் காயப்போட்ட பத்திரிகை விமர்சகர் இந்த வாரம் அழுதே விட்டிருந்தார். செத்தவள் மகளைப் பார்த்து ‘மன்னி’ என்கிறாள், மன்னித்துவிடு என்று முடிக்க அவளிடம் உயிர் இல்லை, நான் கேட்ட அரைச் சொற்களிலேயே ஆகச் சிறந்தது இதுதான் என்று எழுதியிருந்தார்.

“மன்னியாவது கின்னியாவது,” என்றாள் அண்ணி. “நல்லாக் கேளு, அண்ணின்னுதான் கேக்குது. மைக்குல நின்னாலும் என் நெனப்புதானா உனக்கு?”

அவள் சிரித்தாள். சிரிப்பில் சத்தம் இல்லை என்பதை அண்ணி கவனிக்கவில்லை. அதற்குள் எதிர்வீட்டுக்காரியிடம் சொல்லப் போய்விட்டாள்.

மத்தியானத்துக்குள் சண்டை மூண்டுவிட்டது. வீடியோவில் விமர்சனம் சொல்கிற தொப்பிக்காரர் ஒருவர் கிழி கிழியென்று கிழித்தார். செத்தவர்களுக்கு நினைவும் கிடையாது, பேச்சும் கிடையாது என்று முதல் எபிசோடில் அவர்களே சொன்னார்கள், இப்போது கண்ணீரைப் பிழிவதற்காகப் பிணத்தைப் பேசவைத்தால் பார்க்கிறவர்கள் என்ன கேனைகளா என்று கேட்டார். அதன் கீழே இரண்டாயிரம் பேர் அடித்துக்கொண்டார்கள். யாரோ அந்த ஒரு நொடியைப் பத்து மடங்கு மெதுவாக்கிப் போட்டிருந்தார்கள். அது பேச்சாகவும் இல்லை, உறுமலாகவும் இல்லை. தகரத்தைத் தரையில் இழுக்கிற மாதிரி இருந்தது. தன் தொண்டை இப்படியா ஆகிவிட்டது என்று அவள் பயந்து நிறுத்தினாள். ஒரே ஒரு பெண் மட்டும், தாகத்துக்குத் தண்ணி கேட்கிற மாதிரி இருக்கே என்று எழுதியிருந்தாள். அதற்கு நாற்பது பேர் சிரிக்கிற பொம்மை போட்டிருந்தார்கள்.

திங்கட்கிழமை டைரக்டர் கூப்பிட்டனுப்பினார். வேலை போயிற்று என்றே நினைத்துக்கொண்டு போனாள். அறையில் கதாசிரியர் இருந்தார். இன்ஜினியர் மூலையில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். சானல்காரர்கள் இரண்டு நாளாகக் குடைகிறார்கள், தப்பு நடந்துவிட்டது என்று சொல்ல வேண்டும், இல்லையென்றால் வேண்டுமென்றே செய்தோம் என்று நெஞ்சை நிமிர்த்த வேண்டும் என்றார் டைரக்டர்.

“அக்கா, ஒண்ணே ஒண்ணுதான். அது நீங்களா யோசிச்சு சொன்னதா, வாய் தவறி வந்ததா?”

வாய் தவறியது என்றால் இன்ஜினியரின் வேலை முதலில் போகும். ஏன் தவறியது என்று அடுத்துக் கேட்பார்கள். தொண்டையைச் சொல்ல வேண்டிவரும். யோசித்துத்தான் என்று தலையை ஆட்டினாள்.

கதாசிரியர் எழுந்து கும்பிட்டார். “ரெண்டு நாளா நான் எழுதுனதுன்னு சொல்லிட்டுத் திரியிறேன். தப்பா எடுத்துக்காதீங்க.” சொல்லிவிட்டு ஒரு தாளை நீட்டினார். அடுத்த எபிசோடில் அந்தத் தாய் பேசப்போகிறாள். பதினோரு வரி. இன்றே பதிவு.

அவள் அதை மைக் இருக்கிற கண்ணாடிக் கூண்டுக்குள் கொண்டுபோய் எழுத்துக்கூட்டி வாசித்தாள். கதவைத் திற, நான் உள்ளே வரமாட்டேன் என்று ஆரம்பித்தது. இப்படி ஒரு வரிக்காக இருபத்திரண்டு வருஷமாக அவள் வேண்டாத சாமி இல்லை. தாளின் ஓரத்தில் அவளுடைய பட்டப்பெயரையும் எழுதியிருந்தார்கள்.

சிவப்பு விளக்கு எரிந்தது. வாயைத் திறந்தாள். காற்று வந்தது. மறுபடி திறந்தாள். காற்றுதான். மூச்சு பிரமாதமாக இருக்கிறது, இனிக் குரல் வரட்டும் என்றார் டைரக்டர். மூன்றாம் தரம் வயிற்றிலிருந்து இழுத்துப் பார்த்தாள். உள்ளே ஏதோ நூல் அறுந்த மாதிரி இருந்தது. மைக் எடுக்கவில்லை என்றார் இன்ஜினியர். வயரை மாற்றினார்கள். மைக்கையே மாற்றினார்கள். அவர்கள் மேசைக்குக் கீழே குனிந்து தேடுகிற வரைக்கும் பழுது இயந்திரத்தில்தான் இருந்தது. அவள் அசையாமல் நின்றாள், இன்னும் கொஞ்ச நேரம் தேடட்டும் என்று.

பிறகு தாளைத் திருப்பி எழுதினாள். மைக் நல்லாத்தான் இருக்கு. டாக்டர் மூணு மாசம் பேசக்கூடாதுன்னார். நான் சொல்லலை.

டைரக்டர் படித்துவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். கோபப்படவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் என்ன செய்வது என்று சுவரைப் பார்த்துக் கேட்டார். பிறகு வெளியே போய்ப் போன் செய்தார்.

ஒரு மணி நேரத்தில் வந்தவள் கதாநாயகிகளுக்குக் குரல் கொடுக்கிறவள். கலகலப்பானவள், கெட்டவள் இல்லை. நேராக இவளிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, ஊரே பேசுது. அந்த மன்னிய ஒருதரம் வாயசைச்சாவது காட்டுங்க, அப்படியே புடிச்சுக்கிறேன்.”

அன்று கேட்ட சொல்லையே இவள் வாயசைத்துக் காட்டினாள். வந்தவள் உற்றுப் பார்த்தாள். வாயசைவுக்கு ஒட்டிப் பேசியே பிழைக்கிறவள், அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

“என்னக்கா, உதடே ஒட்டலையே. மன்னின்னா மொதல்ல உதடு ஒட்டணுமே. நாக்குல்ல பல்லுல படுது?”

இன்ஜினியர் நிமிர்ந்து பார்த்தார். டைரக்டர் கதவருகே நின்றார்.

இவள் இரண்டு உதட்டையும் சேர்த்து அழுத்தி, மெதுவாகப் பிரித்து, மன்னி என்று மறுபடி அசைத்துக் காட்டினாள்.

“அதானே பாத்தேன்,” என்று வந்தவள் கூண்டுக்குள் போனாள். விளக்கு எரிந்தது. முதல் வரியே சுத்தமாக வந்தது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பதினோரு வரியையும் இவள் கேட்டாள். ஒவ்வொன்றும் முடிந்தபோது இன்ஜினியர் கட்டைவிரலை உயர்த்தினார். யாரும் இவளைப் போகச் சொல்லவில்லை, இருக்கவும் சொல்லவில்லை.

பஸ்ஸில் கூட்டம். கண்டக்டர் முன்னால் வந்து எங்கே என்று கேட்டார். இறங்கும் இடத்தின் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தாள். விரலால் முன்பக்கம் காட்டினாள்.

“முன்னாலன்னா எங்கம்மா? வாயைத் தொறந்து சொல்லு. பின்னால அத்தனை பேர் நிக்கிறாங்க.”

அவள் மறுபடியும் முன்பக்கமே காட்டினாள்.

“கடைசி ஸ்டாப்பா?”

அண்ணன் வீட்டைத் தாண்டி இன்னும் நாலு நிறுத்தம் அது. தலையை ஆட்டினாள். அவர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளிடம் போனார்.