இடைவேளையில் வந்து நின்ற வேன்

புத்தகம் எழுதியவர்களை வேன்காரர் நிழலை வைத்துத்தான் தரம் பிரிப்பார். ஒரு நாவலாசிரியர் பிறந்த வீட்டுக்கு எதிரே பெரிய மரம். வண்டியை நிறுத்திக் காலை நீட்டிப் படுக்கலாம், ஆகவே அவர் நல்ல எழுத்தாளர். மலைமேல் குடியிருந்த கவிஞர் வீட்டில் வண்டி திருப்பவே இடம் கிடையாது. "அந்த ஆளு என்னத்த எழுதியிருந்தா என்ன, வீடு கட்ட வேற இடமா கிடைக்கல" என்பார்.

வாசகர் வட்டத்து ஆட்களை எழுத்தாளர்கள் வாழ்ந்த வீடுகளுக்கும் நாடக அரங்குகளுக்கும் கூட்டிப்போய்க் கூட்டிவருவது அவர் பிழைப்பு. மீசை கறுப்பாக இருந்த காலத்திலிருந்து இதே ஓட்டம்தான். ஆனால் எந்த வீட்டுக்குள்ளும் எந்த அரங்குக்குள்ளும் அவர் காலெடுத்து வைத்ததில்லை. வண்டியை விட்டுவிட்டுப் போனால் எவனாவது உரசிவிட்டுப் போவான் என்பது சொல்லும் காரணம். உள்ளே நடப்பது தலையும் புரியாமல் வாலும் புரியாமல் முழிக்கவேண்டி வருமோ என்பது சொல்லாத காரணம்.

அதற்காக அவருக்கு நாடகம் தெரியாது என்று நினைத்துவிடக் கூடாது. திரும்பி வரும்போது பின்சீட்டில் வாய் ஓயாமல் பேசுவார்கள். ஒருவர் அருமை என்பார், இன்னொருவர் அறுவை என்பார், கதாநாயகி செத்தது சரியா தப்பா என்று பாதி வழி சண்டை நடக்கும். வீடு வந்து கைகால் கழுவுவதற்குள் வேன்காரர் மனதில் ஒரு முழு நாடகம் தயாராகிவிடும். மேடையில் நடந்ததைவிட அது கொஞ்சம் நீளமாகவே இருக்கும்.

அவர் மனைவி வேறு ரகம். ஆட்களை எண்ணி ஏற்றுவதற்காகக் கூட வரத் தொடங்கியவள். கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, ஏறும் ஒவ்வொருவருக்கும் ஒரு விரலாக மடக்குவாள். நேருக்கு நேர் விரல் நீட்டி எண்ணினால் ஆட்டுமந்தை என்று நினைத்துக்கொள்வார்களாம். ஒருநாள் மழைக்கு ஒதுங்கி ஒரு நாடகாசிரியர் வீட்டுக்குள் போனாள். அவர் உட்கார்ந்து எழுதிய மேஜையில் கத்திக் கீறல்களைப் பார்த்து, "நம்ம வீட்டு மேஜையும் இதுவும் ஒண்ணா இருக்கே" என்று நின்றவள், அன்றே அவர் புத்தகம் ஒன்றை இரவல் வாங்கினாள். அப்புறம் அவளைப் பிடிக்க முடியவில்லை.

இந்த வருஷம் அந்த நாடகாசிரியரின் ஊர் அரங்கில், அவர் எழுதிய நாடகத்தை வாசகர் வட்டத்தார் தாங்களே நடிப்பதென்று முடிவானது. வீட்டைக் காலி செய்துகொண்டு போகும் குடித்தனக்காரி வேஷம் இவளுக்கு. சின்ன வேஷம்தான், அதுவும் பின்பாதியில்.

"இந்தத் தடவை உள்ள வந்து உக்காரணும்."

"வண்டி?"

"வண்டிய யாரும் கடிச்சுத் தின்னுட மாட்டாங்க. என்னை உங்க கண்ணால பார்க்கணும். பின்சீட்டுப் பேச்சைக் கேட்டுட்டு வந்து, நல்லா நடிச்சியாமேன்னு சொல்லக்கூடாது."

சரி என்றார். துவைத்த சட்டையில், வட்டத்து ஆட்களில் ஒருவரான மருந்துக்கடைக்காரருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். முன்பாதி அவருக்குப் பிடித்தே போனது. எல்லாம் புரிந்தது, வீணாகப் பயந்திருக்கிறோம் என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது. விளக்குப் போட்டதும் வண்டிக் கண்ணாடியை ஒரு பார்வை பார்த்துவரலாம் என்று வெளியே போனார்.

அங்கேதான் வினை. மற்ற அரங்குகளில் இடைவேளை விட்டால் சனம் முன்கூடத்திலேயே நின்றுகொள்ளும். அன்று முன்கூடத்துக்குப் பெயின்ட் அடித்து ஈரம் காயவில்லை. எல்லோரையும் வாசல் படிக்கு அனுப்பிவிட்டார்கள். படியில் கூட்டத்தைக் கண்டால் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்துவது அவர் கைக்கு ஊறிய பழக்கம். புத்தி கேட்பதற்குள் கை சாவியைத் திருகிவிட்டது. வாசலை அடைத்து வேனை நிறுத்திக் கதவையும் திறந்துவிட்டார்.

மருந்துக்கடைக்காரர் குனிந்து பார்த்தார். "என்ன அண்ணே, நாடகம் அவ்வளவு மோசமா?"

"முடிஞ்சிருச்சுல்ல?"

"இது இடைவேளை. உங்க வீட்டம்மா இன்னும் மேடைக்கே வரலையே."

அதற்குள் மணி அடித்தது. வேனைப் பின்னால் எடுத்து ஓரங்கட்டிவிட்டு ஓடி வந்தால், கதவு சாத்தியாகிவிட்டது.

"ஆரம்பிச்ச பிறகு திறக்கிறதில்லை" என்றார் வாசல் காவலாளி.

"என் பொண்டாட்டி நடிக்கிறாய்யா."

"இன்னைக்கு எல்லாருக்கும் யாராவது ஒருத்தர் நடிக்கத்தான் செய்றாங்க."

"பார்க்கலேன்னா வீட்டுக்குள்ள விடமாட்டா."

காவலாளியும் கல்யாணம் ஆனவர்தான். ஒரு பெருமூச்சு விட்டார். "இத முதல்லயே சொல்லக்கூடாதா. வாங்க, இருமித் தொலைக்காதீங்க."

சாமான் ஏற்றும் பின்கதவு வழியாகக் கூட்டிப்போய், திரைக்குப் பின்னால் ஒரு இடுக்கில் நிறுத்தினார். அங்கிருந்து மனைவியின் முதுகுதான் தெரிந்தது. அவளுக்கு அப்பால் வரிசை வரிசையாக முகங்கள். வேன் கண்ணாடியில் அவர் தினம் பார்க்கும் அதே முகங்கள்தான். ஆனால் ஒன்றுகூட வாயசைக்கவில்லை. வீட்டுக்காரியாக நடித்த டீச்சரம்மாவிடம் அவள் விடைபெற்றுக்கொண்டிருந்தாள். குரலில் நடுக்கமே இல்லை. முதுகுக்குப் பின்னால் மட்டும் அவள் கை, ஒரு வசனத்துக்கு ஒரு விரலாக மடங்கிக்கொண்டே வந்தது.

திரும்பும்போது அவள் முன்சீட்டில் உம்மென்று இருந்தாள். "உங்க நாற்காலி காலியா இருந்துச்சு" என்றாள், சாலையைப் பார்த்தபடி. வேன்காரர் கியரை மாற்றினார்.

பின்சீட்டில் வழக்கம்போலப் பேச்சு கிளம்பியது. "கொஞ்சமும் பதட்டமில்லாம நின்னா பாருங்க" என்றார் டீச்சரம்மா.

"பதட்டமில்லாமலா?" என்றார் வேன்காரர். இத்தனை வருஷத்தில் அந்தப் பேச்சுக்குள் அவர் நுழைவது இதுதான் முதல் தடவை. "வசனத்துக்கு ஒரு விரல் மடக்கினா. நம்ம ஆளுங்கள எண்ணி ஏத்துற மாதிரியே. கடைசியில சுண்டு விரல் ஒண்ணுதான் பாக்கி. அது மடங்குற வரைக்கும் எனக்கு மூச்சே வரல."

மனைவி திரும்பிப் பார்த்தாள். "எங்க நின்னீங்க?"

"சாமான் ஏத்துற கதவுகிட்ட."

"அப்போ என் முகத்த பார்க்கவே இல்ல."

"அதத்தான் தினமும் பார்க்கிறேனே."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"அண்ணே, எங்களுக்கு அது தெரியவே இல்லையே. முதல்ல இருந்து சொல்லுங்க" என்றார் மருந்துக்கடைக்காரர்.

வேன்காரர் வேகத்தைக் குறைத்துக்கொண்டு சொல்லத் தொடங்கினார். நடந்ததைவிட அது கொஞ்சம் நீளமாகவே இருந்தது.