நூற்றுப் பதினேழு காணொளிகளின் பட்டியல்

“3.40 முதல் 5.15 வரை போதும். அதற்கு முன்னால் விளம்பரம், பின்னால் தப்பு.” பழைய வினாத்தாளின் பின்பக்கத்தைக் கிழித்து நீல மையில் எழுதிய சீட்டு இது. சென்ற மாதம் அலமாரியை ஒழுங்குபடுத்தியபோது என் பழைய நாட்குறிப்பு ஒன்றின் நடுவிலிருந்து விழுந்தது. எழுதியவர் எங்கள் பள்ளியின் அறிவியல் டீச்சர். நாங்கள் இருவரும் ஒன்றாக வேலை பார்த்த எட்டு ஆண்டுகளில் இப்படிப்பட்ட சீட்டுகளை மாதத்துக்கு இரண்டு மூன்றாக என் மேசையில் வைத்துவிட்டுப் போவார். எல்லாவற்றையும் ஒரு நீள நோட்டில் ஏற்றிவிட்டுச் சீட்டைக் கிழித்துப்போடுவது என் வழக்கம். இது ஒன்று மட்டும் எப்படியோ தப்பியிருக்கிறது.

எங்களுடையது பல்லடத்துக்குப் பக்கத்தில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளி. நான் கணக்கு டீச்சர். சுற்றுச்சுவரை ஒட்டி மூன்று பக்கமும் விசைத்தறிக் கூடங்கள். புதிதாக வருகிற ஆசிரியர்கள் முதல் வாரம் தலைவலி என்பார்கள். அடுத்த வாரத்திலிருந்து தறிக்கு மேல் கத்தக் கற்றுக்கொள்வார்கள். முன்னாள் மாணவர் ஒருவர் பழைய புரொஜெக்டர் ஒன்றைத் தந்திருந்தார். ஆனால் அதில் என்ன போட்டாலும் ஒலி கேட்காது. தறி நின்றால்தான் கேட்கும். தறி நின்றால் கரண்ட் போய்விட்டது என்று அர்த்தம். கரண்ட் போய்விட்டால் புரொஜெக்டரும் இல்லை. இந்தச் சிக்கலுக்கு நடுவில்தான் அறிவியல் டீச்சர் தன் தேடலைத் தொடங்கினார். பேச்சே இல்லாமல் பார்த்தாலும் விளங்குகிற காணொளிகள்தான் அவருக்கு வேண்டும்.

பள்ளியில் இணையம் கிடையாது. செல்போன் சிக்னல் சத்துணவுக் கூடத்துப் படியில் மட்டும் எட்டும். அவருடைய வீடு கோவையில், உக்கடத்துக்கு அருகே. இரண்டு பேருந்து மாறி வருவார். வீட்டில் தேடி எடுத்ததைப் பென்டிரைவில் ஏற்றி, ஊசி நூல் வைக்கும் தகர டப்பாவுக்குள் போட்டுக் கொண்டுவருவார். அவர் தேடுகிற விதமே தனி. “ஒளிச்சேர்க்கை” என்று தட்டினால் வருவது ஒன்று, “இலை எப்படி சாப்பாடு செய்யுது” என்று தட்டினால் வருவது இன்னொன்று என்பார். ஒரே பாடத்தைப் பத்து விதமாகத் தட்டிப் பார்ப்பார். எந்த ஊரோ தெரியாது, ஒரு பெண் தன் குழந்தைக்காகக் கண்ணாடித் தம்ளரில் கொள்ளு முளைப்பதை ஆறு நாள் படம்பிடித்துப் போட்டிருந்தார். அதைக் கண்டுபிடித்த அன்று டீச்சரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! “இத்தனை நல்ல வீடியோவ மொத்தமே பதினோரு பேருதானுங்க பாத்திருக்காங்க. அதுலயும் ஆறு தடவ நானுங்க” என்றார்.

முழுவதும் பார்க்காமல் எதையும் வகுப்புக்குக் கொண்டுவருவதில்லை என்ற வைராக்கியம் அவருக்குத் தொடக்கத்திலிருந்தே இருந்ததல்ல. அது வந்த நாள் எனக்குத் தெரியும். ஏழாம் வகுப்பில் முட்டைக்குள் குஞ்சு வளர்வதைப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். பக்கத்து அறையில் நான் பின்னங்கள் நடத்திக்கொண்டிருந்தேன். பதினெட்டாம் நாள் குஞ்சு வெளியே வரும் என்று திரையில் எழுத்து ஓடியிருக்கிறது. குஞ்சு பொரிப்பகத்தில் வேலை செய்பவரின் மகள் ஒருத்தி எழுந்து நின்றாள். “டீச்சர், அது தப்புங்க. பதினெட்டாம் நாளு முட்டையத் தட்டு மாத்துவாங்க. பொரியறது இருவத்தொண்ணுங்க.” பின் வரிசையிலிருந்து ஒருவன், “அவங்கப்பாதானுங்க டீச்சர் கோழிக்கே நாள் குறிச்சுக் குடுக்கறாரு” என்றான். நாற்பது பிள்ளைகளின் சிரிப்பு தறிச் சத்தத்தையும் தாண்டி என் அறைக்கு வந்தது. டீச்சர் சிரிக்கவில்லை. “நீ சொல்றதுதான் சரி அம்மணி. நான் கடைசி வரைக்கும் பாக்காம போட்டுட்டேன். தப்பு என்னுது” என்று சொல்லி அணைத்துவிட்டார். அன்று மாலை ஆசிரியர் அறையில் அதே காணொளியைக் கடைசி வரை ஓட்டிப் பார்த்தார். பிறகு, “அந்தப் புள்ளைக்குத் தெரிஞ்சுது, எந்திரிச்சுது. தெரியாத பாடமா இருந்தா நான் போட்டதத்தான எழுதி வெச்சிருக்கும்?” என்றார். என் மேல்தான் கோபம் என்பதுபோல் இருந்தது அவர் கேட்ட விதம்.

அதன் பிறகுதான் சீட்டுகள். மதிய இடைவேளையில் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு, ஒரு கை சோற்றிலும் ஒரு கை போனிலுமாக, வீட்டில் இறக்கிக் கொண்டுவந்த ஒவ்வொன்றையும் முதலிலிருந்து கடைசி வரை பார்ப்பார். நோன்பு மாதத்தில், “இந்த மாசம் எனக்கு ரெண்டு கையும் சும்மாத்தானுங்க இருக்குது” என்று சொல்லி இன்னும் இரண்டு அதிகமாகப் பார்ப்பார். அறிவியலோடு நிற்கவில்லை, எனக்குப் பின்னமும் பரப்பளவும், மூன்றாம் வகுப்புக்குக் கடிகாரம், ஐந்தாம் வகுப்புக்கு வரைபடம் என்று எல்லோருக்கும் தேடினார். நான் அவற்றை வகுப்பு, பாடம், இணைப்பு, நிமிடம், குறிப்பு என்று ஐந்து பத்திகளாக அடிக்கோல் வைத்துக் கோடிட்ட நோட்டில் ஏற்றுவேன். “நான் தேடறது, நீங்க கோடு போடறது. நல்ல கூட்டணிங்க” என்று சிரிப்பார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இன்று நினைத்தால், என் வாழ்க்கையில் இத்தனை நிறைவான மதியங்கள் வேறு எப்போதும் இருந்ததில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, ஆசிரியர்களுக்கு உதவும் இணையவழி வளங்களைப் பற்றிய பட்டியலை ஒவ்வொரு பள்ளியும் திங்கட்கிழமைக்குள் அனுப்ப வேண்டும் என்று மேலிருந்து தகவல் வந்தது. டீச்சர் அன்று தன் அம்மாவின் கண் அறுவைக்காக விடுப்பில் இருந்தார். தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார். “உங்க நோட்டுல இருக்குமேங்க.” இருந்தது. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து நூற்றுப் பதினேழு வரிகளைத் தட்டச்சு செய்தேன். ஐந்து பத்திகள் தாளின் அகலத்துக்கு அடங்கவில்லை. எழுத்தைச் சிறிதாக்கினால் அழகில்லை. நிமிடத்தையும் குறிப்பையும் எடுத்துவிட்டேன். “பின்னால் தப்பு”, “நடுவில் பாட்டு வருகிறது, பிள்ளைகள் ஆடுவார்கள்” போன்ற குறிப்புகள் மேலிடத்துக்குப் போகிற தாளில் நன்றாகவும் இருக்காது என்று நினைத்தேன். படிவத்தின் அடியில் “தொகுத்தவர்” என்று ஒரே ஒரு கட்டம். அங்கே என் விரல் சற்று நின்றது. தொகுத்தது நான்தானே என்று சொல்லிக்கொண்டு என் பெயரைத் தட்டினேன். நாள் தவறாமல் எழுதுகிற நான் அன்றைய நாட்குறிப்பில் பட்டியலை அனுப்பிய நேரத்தை எழுதியிருக்கிறேன். விரல் நின்றதை எழுதவில்லை.

பட்டியல் நன்றாக இருக்கிறதென்று எல்லாப் பள்ளிகளுக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். அடுத்த பயிற்சிக் கூட்டத்தில் என்னை எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்டினார்கள். அதற்கு முன்பே, விடுப்பு முடிந்து வந்த புதன்கிழமை மதியம், டீச்சர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபடியே சொன்னார்: “பாத்தேனுங்க டீச்சர். கோடெல்லாம் ரொம்ப நேரா இருக்குது.”

நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன். அவர் அதற்குள், “நிமிசம் எங்கீங்க?” என்றார்.

“தாள்ல எடம் பத்தலீங்க.”

“ஓ,” என்றார். அப்புறம் என் டப்பாவைப் பார்த்து, “கத்திரிக்காயா?” என்று கேட்டு ஒரு துண்டு எடுத்துக்கொண்டார்.

அவ்வளவுதான். சண்டையில்லை, முகம் திருப்பலில்லை. பேருந்துக்கு நேரமானால் எப்போதும்போல “வாரேனுங்க டீச்சர்” என்று சொல்லிவிட்டுத்தான் போனார். காதில் ஒயரை மாட்டிக்கொண்டு மதியத்தில் பார்ப்பதும் நிற்கவில்லை. என் மேசைக்குச் சீட்டு வருவது மட்டும் நின்றது. கேட்டிருந்தால் தந்திருப்பார். கேட்க எனக்கு வாய் வரவில்லை. அடுத்த ஆண்டு அவர் கணவரின் கடை உடுமலைப்பேட்டைக்கு மாறியது. அவரும் இடமாறுதல் கலந்தாய்வில் அங்கே ஒரு பள்ளிக்கு மாறிப் போனார். காரணம் கடைதான். இதை எனக்கு நானே பலமுறை சொல்லியிருக்கிறேன். உடுமலை ஒன்றேகால் மணி நேரப் பயணம். இத்தனை ஆண்டுகளில் ஒரு முறையும் நான் போகவில்லை.

இப்போது எங்கள் பள்ளியில் இணையம் இருக்கிறது. சுவரில் தொடுதிரை இருக்கிறது. தறிக்கூடத்துப் பக்கச் சன்னல்களுக்குக் கண்ணாடி போட்டிருக்கிறார்கள், ஒலியும் ஓரளவு கேட்கிறது. எந்தப் பாடத்தைத் தட்டினாலும் நொடியில் நூறு வந்து நிற்கிறது. பாடத்திட்டம், பயிற்சித்தாள், வினாடி வினா எல்லாம் ஆயத்தமாகக் கிடைக்கின்றன. மதியங்களில் அந்த நூறையும் மேலும் கீழுமாகத் தள்ளிக்கொண்டிருப்பேன். எதை நம்புவதென்று தெரியாது. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஒயரைக் கழற்றி, “இது வேண்டாமுங்க, இது நல்லா இருக்குங்க” என்று சொல்ல ஒருவர் இருந்த காலத்தில் இத்தனை வசதியும் இருந்திருக்கக் கூடாதா என்று ஏங்குவேன்.

சென்ற மாதம் புதிதாகச் சேர்ந்த இளம் ஆசிரியை போனை நீட்டினார். “மேடம், பெருந்துறைல என் ஃபிரண்டு ஒருத்தி சூப்பர் லிஸ்ட் ஒண்ணு அனுப்பிச்சா. கீழ பாத்தா உங்க பேருங்க!” அதே பட்டியல். அதே நேரான கோடுகள். முட்டையும் குஞ்சும் இருபத்துமூன்றாவது வரியில் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் இருந்தது. தொடக்கத்தில் சொன்ன அந்தச் சீட்டைத் தேடித்தான் அன்று வீட்டில் அலமாரியைத் திறந்தேன், ஒழுங்குபடுத்த அல்ல என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். நீள நோட்டை எடுத்தேன். தாளைப் படுக்கை வாட்டத்தில் திருப்பிப் போட்டால் ஐந்து பத்திகளும் தாராளமாக அடங்கின. அன்றைக்கு அது தோன்றாமல் போனதா, தோன்ற விடவில்லையா என்பதை இன்றைய நாட்குறிப்பிலும் எழுத முடியவில்லை. நிமிடங்களைச் சேர்த்தேன், குறிப்புகளைச் சேர்த்தேன், “தேடிப் பார்த்துத் தேர்ந்தவர்” என்று அவர் பெயரை மேலே பெரிதாகப் போட்டேன். நான் இருக்கிற எல்லாக் குழுக்களுக்கும் அனுப்பினேன். அவருக்கும் அனுப்பினேன். நெஞ்சு லேசாக இருந்தது.

மறுநாள் மாலை அழைத்தார். குரல் மாறவே இல்லை. “ஏனுங்க டீச்சர், நல்லா இருக்கீங்களா? பட்டியல் வந்துச்சுங்க.”

“ரொம்ப நாள் முன்னாலயே பண்ணியிருக்கணுமுங்க. நான் அன்னைக்கு…”

“அது கெடக்குதுங்க. இத அனுப்பறதுக்கு முன்னால ஒவ்வொண்ணாத் தொறந்து பாத்தீங்களா?”

“நோட்டுல உங்க குறிப்பு இருந்துதுங்களே. அப்படியே…”

“நாப்பத்தொண்ணாவதத் தொட்டா ஏதோ பிரியாணி செய்யறாங்க டீச்சர். என் பேரப் போட்டு ஊருக்கெல்லாம் பிரியாணி அனுப்பிப்போட்டீங்களே!” சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு அவர் குரல் தணிந்தது. “பாதிக்கு மேல இப்பத் தொறக்கறதே இல்லீங்க. நான் எழுதுனது அன்னைக்குப் பாத்தது. இன்னைக்கு யாரும் பாக்காம என் பேரு அதுல இருக்கக் கூடாதுங்க டீச்சர். எடுத்துப்போடுங்க.”

எடுத்துவிட்டேன். அன்றைக்குக் கொடுத்திருக்க வேண்டிய பெயரை, கொடுத்த மறுநாளே கேட்டு வாங்கிக்கொண்டார். அதில் கோபம் இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

சனிக்கிழமைகளில் இப்போது பள்ளிக்குப் போய்த் தொடுதிரைக்கு முன்னால் தனியாக உட்காருகிறேன். முதல் வரியிலிருந்து ஒவ்வொன்றாகத் திறக்கிறேன். திறக்காதவற்றை அடித்துவிட்டு வேறு தேடுகிறேன். திறப்பவற்றை முதலிலிருந்து கடைசி வரை பார்க்கிறேன். கொள்ளு முளைக்கும் காணொளி இன்னும் இருக்கிறது. நூற்றுப் பதினேழையும் வரிசையாக எழுதி வைத்த நான் அவற்றில் ஒன்றைக்கூட அந்த ஆண்டுகளில் முழுதாகப் பார்த்ததில்லை என்பது அதன் ஆறாவது நாள் வரும்போதுதான் உறைத்தது. அப்போதெல்லாம் ஒரு காணொளி முடிந்ததும் அவர் என் பக்கம் திரும்பி, “போடலாமுங்களா டீச்சர்?” என்று கேட்பார். அவருக்கு முடிவு தெரியும்; இருந்தாலும் கேட்பார். இன்னொரு கண்ணும் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் கேட்டிருக்கிறார். நான் நோட்டிலிருந்து நிமிராமலே “போடலாமுங்க” என்பேன்.

இன்று பன்னிரண்டாவது வரியை முடித்தேன். ஒன்பது நிமிடக் காணொளியில் நான்கு நிமிடம் தேறும். அதைக் குறித்து அவருக்கு அனுப்பினேன். “முழுசாப் பாத்துட்டேனுங்க. போடலாமுங்களா டீச்சர்?” என்று கீழே எழுதினேன். பள்ளியைப் பூட்டும் நேரம் நெருங்கியும் பதில் வரவில்லை. பதின்மூன்றாவதைத் திறந்தேன்.