லெஸ்டருக்குப் போக வேண்டியவன், ஒரகடம் ஷேர் ஆட்டோவில்

பிப்ரவரி 9, ஞாயிறு, காலை 9.20. தாம்பரம் ரயில் நிலையத்தில் மூன்று பேர்: நான், நஸ்ரின், அவருடைய சாச்சி, அதாவது சித்தி. நஸ்ரின் பிறந்து வளர்ந்தது இங்கிலாந்தின் லெஸ்டரில், மருந்தாளுநர் வேலை. இரு வீட்டாரும் பேசி வைத்த சம்பந்தம். செவ்வாய்க்கிழமை அவருக்கு விமானம். இன்று இரவுக்குள் சம்மதமா இல்லையா என்று சொல்லிவிட வேண்டும். அதற்கு முன் நான் வேலை செய்யும் இடத்தைப் பார்க்க வேண்டுமாம். வல்லம் வடகாலில் ஞாயிற்றுக்கிழமை பார்க்க என்ன இருக்கிறது? ஒரு கேட். அதைத் தாண்டினால் அடுத்த கம்பெனியின் கேட்.

நான் தயாராகத்தான் போனேன். பிரிட்டிஷ் முஸ்லிம்களைப் பற்றிய காதல் நகைச்சுவை நாவல்கள் மூன்றை அவர் ஏற்கெனவே அனுப்பியிருந்தார். கம்பெனி பஸ்ஸில் படித்தேன். மூன்றிலும் பள்ளிவாசல் சமையலறையில் சமோசா பொரிக்கும் பெண்கள் ரகசியத்தை உடைக்கிறார்கள். மூன்றிலும் முக்கால் தூரத்தில் ஒரு சண்டை, முதல் இரண்டில் அதன்பின் மழை. மூன்றாவதை மட்டும் சண்டையோடு நிறுத்திவிட்டேன், எப்படியும் மழைதானே. இனி வாழப்போகும் ஊரின் வழிகாட்டி என்றுதான் நான் அவற்றை எடுத்துக்கொண்டேன். இதை நினைவில் வையுங்கள்.

மின்சார ரயிலில் சிங்கப்பெருமாள் கோவிலுக்கு அரை மணி நேரம். வெளியே வந்ததும் ஷேர் ஆட்டோ, ஒரகடத்துக்கு ஆளுக்கு முப்பது ரூபாய். நான் சாச்சிக்குப் பக்கத்தில் ஏறப் போனேன். "சார், நீ முன்னாடி வா. லேடீஸ் பின்னாடி," என்றார் டிரைவர். பெண் பார்க்கப் போனவன் பெண்ணுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

"பின்னாடி கீறது வூட்டுக்காரம்மாவா சார்?"

இல்லை என்று மட்டும் சொல்லியிருக்கலாம். "இல்ல, பேசி வச்சிருக்காங்க. ஓகேவா இல்லயான்னு நைட்டு சொல்லுவாங்க," என்றேன், எஞ்சின் சத்தத்துக்கு மேலாக.

பின்னால் ஒரு குரல்: "யம்மா, நம்ம ரியாஸ் சாருக்கா?" ஸ்டெல்லா அக்கா. எங்கள் பிளான்டில் பேக்கிங் லைனில் இருப்பவர், ஞாயிறு ஓவர்டைமுக்குப் போய்க்கொண்டிருந்தார். "லைன் அஞ்சு நிமிசம் நின்னா அம்பது தபா வாட்ச பாப்பாரு. நைட்டு வரைக்கும் எப்டி தாங்குவாரு?"

ஆட்டோவே சிரித்தது. நஸ்ரினின் சிரிப்புதான் அதிகம் கேட்டது.

"கண்ணு, கல்யாணம் ஆச்சின்னா யாரு எங்க போவீங்க?" என்று கேட்டார் ஸ்டெல்லா அக்கா.

"நான்தான் அங்க போறேன்," என்றேன் நான்.

"நான் இங்க வர்றேன்க்கா," என்றார் நஸ்ரின், அதே நொடியில்.

டிரைவர் பாட்டை நிறுத்தினார். "சார், இத்த பேசிக்கினு அப்பால ஏறியிருக்கலாம்ல?"

"இவ இங்க வர்றத உங்கம்மாட்ட சொல்லியாச்சுன்னுதானே தம்பி இவ அம்மா சொன்னாங்க," என்றார் சாச்சி. என் அம்மாவோ தெருவெல்லாம் லெஸ்டர் என்று சொல்லி முடித்துவிட்டார். நான் விசாவுக்கான ஆங்கிலத் தேர்வுக்குக்கூடப் பதிவு செய்திருக்கிறேன்.

ஒரகடத்திலிருந்து வல்லத்துக்கு வேறு ஆட்டோ, ஆறு கிலோமீட்டர் இருக்கும். ரயிலில் நஸ்ரின் கேட்டதெல்லாம் அப்போதுதான் உறைத்தது. இங்கே வீட்டு வாடகை எவ்வளவு, பக்கத்தில் பள்ளிவாசல் எங்கே, மெடிக்கல் ஷாப்பில் ஆள் எடுப்பார்களா. பேச்சுக்குக் கேட்கிறார் என்று நினைத்து ஒரு வரியில் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கேட்டுக்கு எதிரே டீக்கடை. சாச்சி அடுத்த பெஞ்சுக்குத் தள்ளிப் போய் உட்கார்ந்தார்.

"நீங்க குடுத்த கதைல பொண்ணுங்க அங்கதான இருக்காங்க?"

"அதான். அவ தெருவ விட்டு நகரவே மாட்டா, பையன்தான் வந்து நிக்கணும். சிரிக்கத்தான் குடுத்தேன். நீங்க சிலபஸ் மாதிரி படிச்சிருக்கீங்க."

ஏன் இங்கே வர வேண்டும் என்று நேராகவே கேட்டேன்.

"அங்க பொறந்தவ நான். இன்னும் எந்த ஊருன்னு கேக்குறாங்க. இங்கயும் கேக்குறாங்க. ஆனா ஷேர் ஆட்டோல பத்து நிமிஷத்துல முடிஞ்சிருது." டீயைக் குடித்து முடித்தார். "எனக்கு ஓகே. நீங்க சொல்லுங்க. லெஸ்டர் இல்லாம, நான் மட்டும்னா வேணுமா?"

"யோசிக்கணும்," என்றேன். எதற்கும் யோசிக்காதவன்.

"ஒம்பது மணிக்குள்ள," என்றார். திரும்பும்போதும் நான் முன் சீட்டில்தான்.

இப்போது மாலை ஏழு. எனக்கு வேண்டியது நஸ்ரினா, கூடவே வரும் என்று நினைத்த லெஸ்டரா, இரண்டையும் பிரிக்கத் தெரியவில்லை. ஆறு மாதமாக நான் போக நினைத்த ஊரிலிருந்துதான் அவர் கிளம்பப் பார்க்கிறார். யாருக்குப் பைத்தியம்?

இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு: ஞாயிற்றுக்கிழமை ஆள் சேர்ந்த பிறகுதான் ஆட்டோ நகரும். தண்ணீர் கையில் இருக்கட்டும். கேட்டுக்குள் வெளியாட்களை விடமாட்டார்கள். பேச வேண்டியதைத் தாம்பரத்திலேயே பேசிவிடுங்கள்.

இனி நான் செய்ய வேண்டியவை:

1. மூன்றாவது நாவலின் முடிவைப் படிப்பது.
2. வல்லம் பக்கம் வாடகைக்கு வீடு இருக்கிறதா என்று ஸ்டெல்லா அக்காவிடம் கேட்பது.
3. ஆங்கிலத் தேர்வை ரத்து செய்வதா என்று முடிவெடுப்பது.
4. ஒன்பது மணிக்குள் நஸ்ரினுக்குப் போன். என்ன சொல்வேன் என்று இன்னும் தெரியவில்லை. ஆனால் இரண்டாவதை, திரும்பி வந்து ஆட்டோவிலிருந்து இறங்கியதுமே போனில் செய்துவிட்டேன்.