கண்ணா, கதவா? எங்கள் ஸ்டுடியோ கேமரா வாங்கிய வாரம்

1. டொக்

குழந்தைக்குக் காது குத்தும் நேரம் பார்த்துத்தான் எங்கள் பழைய கேமரா செத்தது.

மாமன் மடியில் குழந்தை, ஆசாரி கையில் கம்பி, நான் ஷட்டரை அழுத்துகிறேன். ‘டொக்’ என்று ஒரு சத்தம். வியூஃபைண்டர் இருண்டுவிட்டது. பேட்டரியைக் கழற்றிப் போட்டேன், லென்ஸைக் கழற்றி மாட்டினேன். நான் நிமிர்வதற்குள் இரண்டு காதும் குத்தி, குழந்தை அழுது ஓய்ந்து, பந்திக்கு இலையும் போட்டுவிட்டார்கள்.

மிச்சத்தை சாந்தி அக்கா தன் போனிலேயே எடுத்து முடித்தார். குன்னூரில் நான் வேலை பார்க்கும் ஸ்டுடியோ அவருடையது. மாமன்காரர் சும்மா விடவில்லை.

“ஏனுங்க, போன்ல எடுக்கறதுக்கு நான் எடுத்திருக்க மாட்டனாங்க? உங்கள எதுக்குங்க வரச் சொன்னது?”

“நீங்க எடுத்தா உங்க மூஞ்சி படத்துல வராதேங்க. அதுக்குத்தானுங்க நாங்க” என்றார் அக்கா. மனுஷன் சிரித்துவிட்டார். இந்த அக்காவிடம் எனக்குப் பிடித்ததே இதுதான். கை போனைப் பிடித்தபடி இருக்கும், வாய் ஆளைப் பிடித்துவிடும்.

நான் பிஎஸ்சி இயற்பியல். வீடு அருவங்காட்டில். அப்பா தொழிற்சாலை ஊழியர். நான் ஏதாவது பரீட்சை எழுதி அவரைப் போல வேலைக்குப் போவேன் என்று இன்னும் நம்புகிறார். எனக்கோ ஓர் இடத்தில் உட்கார வராது. லென்ஸைப் பற்றிக் கல்லூரியில் படித்ததைக் கையில் பிடித்துப் பார்க்க வேண்டும் என்றுதான் ஸ்டுடியோவுக்கு வந்தேன். வந்ததிலிருந்து அக்காவிடம், “மிரர்லெஸ் வாங்குங்கக்கா, மிரர்லெஸ் வாங்குங்கக்கா” என்று நச்சரித்துக்கொண்டிருந்தேன். உள்ளே கண்ணாடி இல்லாத, எடை குறைந்த புது ரகக் கேமரா அது. பழையது செத்ததில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம் என்பதை மறைப்பானேன்.

2. இரண்டு டப்பா

கோயம்புத்தூரில் அக்கா வழக்கமாகப் போகும் கடைக்காரர், ஆரம்பநிலை மிரர்லெஸ் இரண்டைக் கொடுத்தனுப்பினார். ஒரு வாரம் வைத்துப் பாருங்கள், ஒன்றைத் திருப்பிக் கொடுங்கள் என்று பேச்சு. அந்த வார ஞாயிற்றுக்கிழமை ஒரு படுகர் கல்யாணம் ஒப்புக்கொண்டிருந்தோம். பரீட்சை அங்கேதான்.

டப்பாவைப் பிரித்தபோது என்னோடு வேலை பார்க்கும் பிரகாஷும் இருந்தான். நெல்லியாளத்துப் பையன். அப்பா அம்மா எஸ்டேட் வேலை. எதற்கும் ஒரு பட்டப்பெயர் வைக்காமல் அவனுக்குத் தூக்கம் வராது.

முதல் கேமராவுக்கு வியூஃபைண்டர் உண்டு. கண்ணை வைத்துப் பார்க்கலாம். பிடிப்பதற்கு நல்ல கிரிப், தூக்கினால் எழும்பும் குட்டி ஃபிளாஷ். ஆனால் பின்னால் இருக்கும் திரை அசையாது. இரண்டாவதில் வியூஃபைண்டரே கிடையாது. பதிலுக்கு, திரை கதவு மாதிரிப் பக்கவாட்டில் திறந்து எந்தப் பக்கமும் திரும்பும்.

“இது கண்ணு. அது கதவு” என்றான் பிரகாஷ். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

இரண்டிலும் சென்சார் ஒரே அளவு, மெகாபிக்சல் ஒன்றுதான், கூட வந்த கிட் லென்ஸும் ஏறக்குறைய ஒன்றுதான். எங்கள் பழைய கேமராவின் பாதி எடைகூட இல்லாத உடம்பில் இத்தனையையும் எப்படி அடைத்தார்கள் என்று நான் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மனிதனின் கண்ணைத் தானே தேடிக் கண்டுபிடித்து ஃபோகஸ் செய்கிறது! மூன்று வருஷமாக நான் விரலால் செய்துகொண்டிருந்த வேலை.

எனக்குக் கண்ணுதான் வேண்டும் என்று அன்றே முடிவு செய்துவிட்டேன்.

“கண்ணை வச்சுப் பார்க்காம என்னடா போட்டோகிராஃபி? கைய நீட்டிப் பிடிச்சு எடுக்கறதுக்குப் போனே போதுமே.”

“மேடம் பிஎஸ்சி. சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றான் பிரகாஷ். “ஆனா எனக்குக் கதவுதான் வேணும். தரையில படுக்காம எடுக்கலாம். என்ற பேன்ட்ட நான்தானே துவைக்கணும்?”

அக்கா இருவரையும் பார்த்தார். “சரி, ஆளுக்கு ஒண்ணு வச்சுக்கோங்க. பாதி வேலையில மாத்திக்கணும். இல்லாட்டி அவங்கவங்க கேமராவுக்கு அவங்கவங்க வக்கீலாயிருவீங்க.”

3. மூடுபனி, வெயில், சீரியல் பல்பு

அந்த வாரம் முழுக்கச் சண்டைதான்.

ஸ்டுடியோவில் பாஸ்போர்ட் போட்டோ எடுத்துப் பார்த்தோம். வித்தியாசம் இல்லை. தேயிலைத் தோட்டத்துக்குப் போனோம். பனி இறங்கினால் நாலு வரிசைச் செடிக்கு அப்பால் எல்லாமே வெள்ளை. ஃபோகஸ் பிடிக்க விளிம்பு வேண்டும்; பனியில் விளிம்பு கிடையாது. கண்ணு முன்னும் பின்னும் தேடி அலைந்தது. கதவு கொஞ்சம் தேடி, ஒரு கொழுந்தைப் பிடித்துக்கொண்டது.

“பாத்தீங்களா மேடம்?”

பத்து நிமிஷத்தில் பனி விலகி, சுள்ளென்று வெயில் வந்தது. நீலகிரி வெயில் உயரத்து வெயில். கதவின் திரை கண்ணாடி மாதிரிப் பளபளத்து, பிரகாஷுக்கு அதில் தன் மூக்குதான் தெரிந்தது. நான் வியூஃபைண்டரில் கண்ணை வைத்து நிம்மதியாக எடுத்துக்கொண்டிருந்தேன்.

“பாத்தியாடா?”

ராத்திரி கடைத்தெருவில் சீரியல் பல்புகளுக்குக் கீழே, பிரகாஷ் சத்தமில்லாத சைலன்ட் மோடில் எடுத்தான். படம் முழுக்கப் பட்டை பட்டையாகக் கறுப்புக் கோடு. எல்ஈடி விளக்குக்குக் கீழே சைலன்ட் மோடு ஆகாது என்று அவனுக்கு ஒரு பாடமே நடத்தினேன். “பகல்ல மட்டும் போட்டுக்கறேன் டீச்சர்” என்றான்.

இப்படியாக ஞாயிற்றுக்கிழமை வரை சமம்.

4. கீதா கேட்டது

கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம், வெளிச்சம் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்க்க மணமகளின் ஹட்டிக்குப் போனோம். படுகர்கள் தங்கள் ஊரை ஹட்டி என்பார்கள். அவர்களில் கல்யாணம் மாப்பிள்ளை வீட்டில்தான் நடக்கும். காலையில் பெண் தன் வீட்டுப் பெரியவர்களிடம் ஆசி வாங்கிக்கொண்டு கிளம்புவாள். சிறியவர்கள் தலையைக் குனிய, பெரியவர்கள் உச்சந்தலையில் கை வைத்து வாழ்த்துவார்கள். வாழ்த்து ஒரு வார்த்தையில் முடியாது. பாட்டு மாதிரி நீளமாகப் போகும்.

மணமகள் கீதா எங்களைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“அக்கா, ஆல்பத்துல என்ன வேணா போட்டுக்கோங்க. எனக்கு ஒரே ஒரு போட்டோ வேணும். எங்க பெரியப்பா என்னை ஆசீர்வாதம் பண்றப்ப அவரு மொகம்.”

அப்பா இல்லாத கீதாவை வளர்த்தது பெரியப்பாதான். குந்தா பவர்ஹவுசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

“அதுக்கென்னம்மா, எடுத்துட்டாப் போச்சு” என்றார் அக்கா.

“அவ்வளவு ஈசி இல்லீங்கக்கா. கேமராவத் தூக்குனா அட்டென்ஷன்ல நின்னுருவாரு. எங்க வீட்டுல இருக்கற எல்லாப் போட்டோலயும் ஐடி கார்டு மூஞ்சிதான். மத்தவங்களை ஆசீர்வாதம் பண்றப்ப பார்த்திருக்கேன், அழகா சிரிப்பாரு. ஆனா எனக்குப் பண்றப்ப என்ன மொகம்னு எனக்குத் தெரியாது. நான்தான் குனிஞ்சிருக்கேனே.”

நான் இந்த ஹட்டிகளில் எத்தனையோ கல்யாணம் எடுத்திருக்கிறேன். இது எனக்குத் தோன்றியதே இல்லை. ஆசி வாங்குகிறவர், கொடுக்கிறவரின் முகத்தை அந்த நேரத்தில் பார்ப்பதே கிடையாது.

“நாளைக்கு விட்டா முடிஞ்சுதுங்க. அப்புறம் நான் அந்த ஊருக்காரி” என்றாள் கீதா.

5. குனிந்த தலை

காலையில் ஹட்டி முழுக்கப் பனி. பெண்கள் உடுத்தியது வெள்ளை, ஆண்கள் உடுத்தியது வெள்ளை, பின்னால் மலையும் வெள்ளை. வெள்ளையில் வெள்ளையைப் பிரித்து எடுப்பது போலச் சுகமான தலைவலி எங்கள் தொழிலில் இன்னொன்று இல்லை.

என் கையில் கண்ணு. பெரியப்பா வெள்ளை வேட்டி, தலைப்பாகையோடு ஜீப் ஓட்டுநரிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். சட்டென்று கேமராவைத் தூக்கினேன். குளிரில் என் மூச்சு பட்டு வியூஃபைண்டர் கண்ணாடி மங்கியது. துடைத்துவிட்டுப் பார்த்தால், அவர் கைகளைப் பக்கவாட்டில் ஒட்டி, மேவாயைத் தூக்கி, சம்பளத்துக்குக் கையெழுத்துப் போட வந்தவர் மாதிரி நிற்கிறார்.

“சும்மா இருங்கய்யா, அப்படியே பேசிட்டு இருங்க” என்றேன்.

“எடும்மா, எடும்மா” என்றார், உதடு அசையாமல்.

தூரத்தில் போய் நின்றேன். கண்டுகொண்டார். கூட்டத்துக்குள் ஒளிந்து தூக்கினேன். அட்டென்ஷன். முகத்துக்கு முன்னால் ஒரு கறுப்புப் பெட்டியை வைத்துக்கொண்டு ஒருத்தி குறி பார்த்தால் யார்தான் சிரிப்பார்கள்?

வாசலில் நாற்காலி போட்டுப் பெரியப்பாவை உட்கார வைத்தார்கள். கீதா உள்ளே தயாராகிக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் அக்கா வந்து, “பாதி ஆச்சு. மாத்துங்க” என்றார்.

“இப்பவா? அக்கா, ப்ளீஸ்!”

“மாத்துங்கன்னேன்.”

பிரகாஷ் கதவை என் கழுத்தில் மாட்டினான். திரையை வெளியே திறந்து மேல் பார்க்கத் திருப்பியிருந்தான். சைலன்ட் மோடு. “பகல்தான் டீச்சர்” என்று காதருகே சொல்லிவிட்டுப் போனான்.

எங்கள் ஸ்டுடியோவில் ஒரு வழக்கம் உண்டு. ஹட்டிகளில் பெரியவர்களைப் படமெடுப்பதற்கு முன், நாங்களும் அவர்களிடம் ஒரு தடவை தலையைக் குனிந்துவிட வேண்டும். அக்கா கண்ணைக் காட்டினார். நான் பெரியப்பாவின் முன்னால் ஒரு முட்டியை ஊன்றிக் குனிந்தேன். ஈரமான, பெரிய கை ஒன்று தலையில் இறங்கியது. படுக மொழியில் வாழ்த்து தொடங்கியது.

நான் குனிந்திருந்தேன். நெஞ்சருகே தொங்கிய கேமராவை அனிச்சையாக இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். அதன் திரையில் அவர் முகம் தெரிந்தது.

சிரித்துக்கொண்டிருந்தார். யாரென்றே தெரியாத என்னைப் பார்த்து, கண் சுருங்க, பல் தெரிய. அந்த முகத்தின் மேல் ஃபோகஸ் கட்டம் சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்தது.

எழுந்து அக்காவிடம் ஓடினேன். “அக்கா, கிடைச்சிருச்சு. நான் குனிஞ்சே எடுக்கறேன்.”

அக்காவுக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. “போ, அவ பக்கத்துல உக்காரு. தலைய மட்டும் தூக்காத” என்றார்.

கீதா வந்தாள். நான் அவள் தோளருகே, முறைக்குக் காத்திருக்கும் இன்னொரு பெண் மாதிரிக் குனிந்து உட்கார்ந்தேன். பெரியப்பா என்னைப் பார்த்ததாகவே தெரியவில்லை. கை அவள் உச்சியில் இறங்கியது. வாழ்த்து தொடங்கியது. திரையில் அந்தச் சிரிப்பு வந்தது. அழுத்தினேன்.

பாதி வாழ்த்தில் குரல் நின்றது.

சுற்றி நின்றவர்கள் அவர் முதுகுப் பக்கம். கீதாவின் தலை குனிந்திருந்தது. நான் மட்டும்தான் பார்த்தேன். சிரிப்பு அப்படியே இருக்க, அதற்குக் கீழே மேவாய் நடுங்கியது. உதட்டைக் கடித்துக்கொண்டார். அவள் தலைமேல் இருந்த கையை எடுக்கவில்லை. விட்ட இடத்திலிருந்து வாழ்த்தைத் தொடர்ந்து முடித்தார். அந்த இடைவெளி முழுவதையும் எடுத்தேன்.

6. ஜீப் கதவருகே

கீதா ஜீப்பில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். நான் ஓடிப்போய், கேமராவைக் கழற்றாமல், திரையை மட்டும் அவள் பக்கம் திருப்பினேன்.

பார்த்தாள். பிறகு மெதுவாக, “நடுவுல நிறுத்துனாருங்க. வார்த்தை மறந்துருச்சு போலன்னு நினைச்சேன்” என்றாள்.

ஜீப்பிலிருந்து இறங்கினாள். யாரோ, “ஏம்மா, நேரமாச்சு” என்றார்கள். நேராகப் பெரியப்பாவிடம் போனாள். குனியவில்லை. எதிரே நின்று, நிமிர்ந்து, அவர் முகத்தையே பார்த்தாள். அவருக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அவள் கன்னத்தில் வைத்தார்.

அந்த நிமிஷம் பார்த்துப் பனி கிழிந்து வெயில் அடித்தது. என் திரையில் என் மூக்குதான் தெரிந்தது. போச்சு என்று திரும்பினால், பிரகாஷ் கண்ணில் கண்ணை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்துக்கொண்டிருந்தான். பெரியப்பா அவனைக் கவனிக்கவே இல்லை. அட்டென்ஷன் அவருக்கு மறந்துபோயிருந்தது.

7. தீர்ப்பு

திங்கட்கிழமை அக்கா இரண்டு டப்பாவையும் மேஜைமேல் வைத்தார். “சொல்லுங்க. எதைத் திருப்பிக் கொடுக்கறது?”

“கதவ வச்சுக்கலாங்க்கா” என்றேன் நான்.

“கண்ண வச்சுக்கலாங்க்கா” என்றான் பிரகாஷ்.

அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். “மாத்திக்கச் சொன்னா கேமராவோட கட்சியையும் மாத்திக்கிட்டீங்களா?”

மறுபடி சண்டை. நான் அவன் வாதத்தை எல்லாம் பேசினேன், அவன் என் வாதத்தை எல்லாம் எனக்கே திருப்பிப் பேசினான். கேட்டு முடித்துவிட்டு அக்கா கண்ணின் டப்பாவை மூடினார்.

“வெயிலுக்குக் குடை பிடிச்சுக்கலாம். எடுக்கறவங்க மூஞ்சி மறைஞ்சா அதுக்கு என்னத்தடா பிடிக்கறது?”

கேமரா வாங்கப் போகிற தம்பி தங்கைகள் இப்போது என்னிடம் யோசனை கேட்கிறார்கள். சென்சார், ஐஎஸ்ஓ, பேட்டரி எல்லாம் ஒப்பிடுங்கள், நானும் விடிய விடியப் பேசத் தயார். ஆரம்பநிலை கேமராக்கள் இன்று எல்லாமே அற்புதம். எதை வாங்கினாலும் உங்களைக் கைவிடாது. ஆனால் கடைச் சுவரையும் பொம்மையையும் எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். நீங்கள் யாரை அதிகம் எடுக்கப் போகிறீர்களோ, அவர் முன்னால் போய் நில்லுங்கள். கேமராவைத் தூக்கினால் அவர் முகம் என்ன ஆகிறது என்று பாருங்கள். ஒப்பீட்டு வீடியோ எதிலும் அந்த வரி இருக்காது.

கண்ணைத் திருப்பிக் கொடுத்ததில் பிரகாஷுக்கு இன்னும் ஆறவில்லை. வெயில் கல்யாணங்களில் என் தலைக்குமேல் குடை பிடிப்பது அவன் வேலை.

“வியூஃபைண்டர்னு ஒண்ணு இருந்துச்சு மேடம்” என்பான், கை மாற்றிக்கொண்டே.

“கொஞ்சம் இடதுபக்கம் பிடிடா. மூக்கு தெரியுது” என்பேன் நான்.