சுமலதாவுக்கு வரும் வேன்

ஓசூரில் பள்ளிக்கூடம் நடத்துபவரோ, நகைக்கடை வைத்திருப்பவரோ, ஒரே நேரத்தில் நூறு பேருக்கு மெசேஜ் அனுப்ப வேண்டுமென்றால், பாகலூர் ரோட்டில் வெங்கட் நடத்தும் ஆன்லைன் சென்டருக்கு வந்து சுமலதாவின் முன்னால் உட்கார வேண்டும். ஜி.எஸ்.டி., பான் கார்டு எல்லாம் மற்ற பெண்கள் பார்த்துக்கொள்வார்கள். மெசேஜ் பதிவு மட்டும் சுமலதா. அந்த வேலைக்குப் பொறுமை வேண்டும். அது அவளிடம் தேவைக்கு மேலேயே இருந்தது.

முன்பெல்லாம் யார் வேண்டுமானாலும் யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். இப்போது மொபைல் கம்பெனிகளின் தளத்தில் முதலில் தொழிலைப் பதிய வேண்டும். அப்புறம் அனுப்புகிறவர் பெயராகத் தெரிய ஆறு எழுத்து வாங்க வேண்டும். அதற்கும் அப்புறம், அனுப்பப்போகிற வாசகத்தையே முன்கூட்டிக் காட்டி அனுமதி பெற வேண்டும். ஆளின் பெயர், நேரம் போல மாறுகிற இடங்களைக் காலியாக விடலாம். மற்றபடி ஒரு சொல் மாறினாலும் மெசேஜ் போகாது. எங்கே பிசகினாலும் ‘நிராகரிக்கப்பட்டது’ என்று ஒரு வரி வரும். ஆட்கள் அதைப் பார்த்துவிட்டு, ஏதோ சுமலதாவே நிராகரித்த மாதிரி அவளிடம் சண்டைக்கு நிற்பார்கள்.

நிராகரிப்பு அவளுக்கும் பழக்கம்தான். வயது முப்பத்தேழு. பாகலூர்ப் பக்கம் தக்காளியும் ராகியும் விளைகிற கொஞ்சம் நிலம். அப்பா போன பிறகு தம்பியைப் படிக்க வைத்து, தங்கையைக் கட்டிக்கொடுத்து நிமிர்ந்தபோது அவளைப் பெண் பார்க்க வருகிறவர்கள் குறைந்திருந்தார்கள். வந்தவர்களும் டீயைக் குடித்துவிட்டு, ஊருக்குப் போய்ச் சொல்லியனுப்புகிறோம் என்றார்கள். சொல்லியனுப்பவில்லை. அதைப் பற்றியெல்லாம் கவலையில்லை என்று எல்லோரிடமும் சொல்வாள். பச்சைப் பொய்.

அப்படியிருக்கும்போதுதான் நல்லுசாமி வந்தார். மணப்பாறைக்காரர். ஃபேக்டரி வேலைக்கென்று ஓசூர் வந்து, பிறகு வேலையை விட்டு வேன் வாங்கியவர். இப்போது மூன்று வேன், அம்மா பேரில் கருப்பாயி டிராவல்ஸ். மனைவி இறந்துவிட்டாள், பிள்ளைகள் இல்லை. அஞ்செட்டி மலைக் கிராமங்களிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கி ஃபேக்டரிக்குப் போகும் பெண்களைச் சனிக்கிழமை மாலை வீட்டில் கொண்டுபோய் விட்டு, ஞாயிறு மதியம் திரும்ப ஏற்றி வருவதுதான் அவருக்கு முக்கியமான வேலை. அங்கே பஸ் குறைவு. போன் பேசினால் பாதியில் அறுந்துபோகும். மெசேஜ் மட்டும் எப்படியாவது போய்ச் சேர்ந்துவிடும். தன் போனிலிருந்தே அனுப்பிப் பார்த்தார். ஒருநாளைக்கு இவ்வளவுதான் என்று மொபைல் கம்பெனி நிறுத்திவிட்டது.

முதல் தடவை விண்ணப்ப லெட்டரில் சீல் சரியாக விழவில்லை என்று திரும்பியது. அடுத்த தடவை ஆறு எழுத்து கம்பெனிப் பெயரோடு ஒத்துப்போகவில்லை என்று திரும்பியது. மற்றவர்களாக இருந்தால் மேஜையைத் தட்டியிருப்பார்கள். நல்லுசாமி, “பரவால்லைங்க மேடம், நீங்க என்ன பண்ணுவீங்க? நாளைக்கு வர்றேன்” என்பார். வரும்போது தன் டிபனையும் எடுத்து வருவார். அவள் தளத்தோடு மல்லுக்கட்டும்போது, மலைவளைவில் யானை வழிமறித்த கதையைச் சாவகாசமாகச் சொல்வார். அவள் சிரிப்பாள். அவள் சிரித்து அந்த சென்டரில் யாரும் பார்த்ததில்லை.

வெங்கட் சின்னப் பையனில்லை. ஒருநாள் கேட்டே விட்டான். “அக்கா, வர்றவங்க எல்லாரையும் அண்ணா அண்ணான்னு கூப்பிடறீங்க. வேன்காரர் மட்டும் ஏன் உங்களுக்கு அண்ணா இல்ல?”

“நீ போய் உன் வேலையப் பாருடா,” என்றாள். காது சூடாகிவிட்டது.

தொழில் பதிவானது. ஆறு எழுத்தும் கிடைத்தது. இனி வாசகம் ஒன்றுதான் பாக்கி. அதுவும் முடிந்தால் நல்லுசாமிக்கு இந்தப் படி ஏற வேலையில்லை. அன்று சுமலதா ஒரு காரியம் செய்தாள். வாசகத்தில் கம்பெனியின் பெயர் கட்டாயம் இருக்க வேண்டும். தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். அந்தப் பெயரை விட்டுவிட்டு அனுப்பினாள். தெரிந்தேதான் அனுப்பினாள். எதிர்பார்த்தபடி நிராகரிப்பு வந்தது. பதிவு கிடைக்கவில்லையே என்று அழுதவர்கள் உண்டு, கிடைத்துவிடுமோ என்று பயந்தவள் இவள் ஒருத்திதான்.

நல்லுசாமி செவ்வாய்க்கிழமை வந்தார். டிபன் இல்லை, யானைக் கதையும் இல்லை.

“ஞாயித்துக்கெழமை நாட்றாம்பாளையம் வண்டி வழியில நின்னுபோச்சுங்க. புள்ளைங்களுக்குத் தகவல் சொல்ல முடியல. போன் போவல. சாயங்காலம் வரைக்கும் மழையில நின்னுருக்குதுங்க. இருந்த ஒரு பஸ்ஸையும் வேன் வரும்னு விட்டுட்டாங்க. திங்கக்கெழமை எல்லாத்துக்கும் ஆப்சென்ட். மெசேஜ் மட்டும் இருந்திருந்தா…” அவர் குரலில் கோபமே இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

அவர் எழுந்து போவதற்குள் பெயரைச் சேர்த்து அனுப்பினாள். அவசரத்தில் இரண்டு தடவை தப்பாக அடித்தாள். வெள்ளிக்கிழமை அனுமதி வந்துவிட்டது. சோதித்துப் பார்க்க ஒரு நம்பர் வேண்டும் என்றபோது தன்னுடையதையே கொடுத்தாள். எந்த ஸ்டாப் என்று போடுவது? “நாட்றாம்பாளையம்னே போடுங்க மேடம்,” என்றார். ‘சுமலதா, உங்கள் வேன் நாட்றாம்பாளையம் நிறுத்தத்துக்கு 3.00 மணிக்கு வரும். கருப்பாயி டிராவல்ஸ்’ என்று அவள் போனில் வந்தது. மறுநாள் ஒரு பெட்டி ஸ்வீட் கொண்டுவந்து கொடுத்தார். உண்மையைச் சொல்லிவிட வாயெடுத்தாள். வரவில்லை. அதன்பிறகு அவரும் வரவில்லை.

மெசேஜ் வந்தது. ஒவ்வொரு ஞாயிறும் வந்தது. சோதனைக்குப் போட்ட பெயரை அவர் தன் பட்டியலிலிருந்து எடுக்கவில்லை, அவ்வளவுதான். எப்படி எடுப்பதென்று தெரியாமல் விட்டிருப்பார் என்பது சுமலதாவுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் ஞாயிற்றுக்கிழமை முகம் கழுவி, பொட்டு வைத்து, போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்காருவாள். மூன்று மணிக்கு எங்கோ ஒரு மலையோரத்தில் தன் பெயரைச் சொல்லி ஒரு வேன் வருகிறது. ஏறத்தான் ஆளில்லை.

ஒருநாள் அவரே போன் செய்தார். அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

“மேடம், ஒரு புள்ள வேலைய விட்டுப் போயிருச்சு. பேரை எப்படிங்க எடுக்கறது?”

சொல்லிக்கொடுத்தாள். அது ஒரு நிமிட வேலை. போனை வைத்ததும் அழுகை வந்துவிட்டது. இப்போது அவருக்கு எடுக்கத் தெரிந்துவிட்டது. அந்த ஞாயிறு தன் பெயரும் போய்விடும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, போனைப் பார்க்காமலே துணி துவைத்தாள். கடைசியில் ஈரக்கையோடு எடுத்துப் பார்த்தால், ‘சுமலதா, உங்கள் வேன்…’

அடுத்த ஞாயிறு காலை கிளம்பினாள். தோழி வீட்டு விசேஷம் என்று தம்பி பெண்டாட்டியிடம் சொன்னாள். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி என்று பஸ் மாறி மாறி, நாட்றாம்பாளையத்தில் இறங்கினாள். நிறுத்தத்தில் பைகளோடு பெண்கள் நின்றார்கள்.

“எந்தக் கம்பெனிக்கா நீங்க? புதுசா?” என்று ஒருத்தி கேட்டாள்.

“ஆமா, புதுசுதான்,” என்றாள் சுமலதா.

வேன் வந்தது. நல்லுசாமிதான் ஓட்டிவந்தார். அவளைப் பார்த்ததும் பதறி இறங்கினார்.

“மேடம்! நீங்க எங்க இங்க? மறுபடியும் ரிஜெக்ட் ஆயிருச்சுங்களா?”

“இல்லைங்க. மெசேஜ் வந்துச்சு. அதான் வந்து நிக்கறேன்.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பெண்கள் ஒவ்வொருவராக ஏறினார்கள். எல்லோரும் ஏறும்வரை பொறுத்திருந்து சுமலதா சொன்னாள்.

“இன்னொண்ணும் சொல்லணும். இவங்க மழையில நின்னாங்களே, அதுக்கு நான்தான் காரணம். கம்பெனி பேரை வேணும்னே விட்டுட்டு அனுப்பினேன். ரிஜெக்ட் ஆனா மறுபடி வருவீங்கன்னு.”

உள்ளே பெண்கள் சீட்டுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். நல்லுசாமி முன்பக்கக் கதவைத் திறந்து, பக்கத்து சீட்டில் கிடந்த துண்டையும் டிபன் பையையும் எடுத்துப் பின்னால் போட்டார்.

“ஏறுங்க,” என்றார். “வழி பூரா வளைவு. மெதுவாத்தான் போவேன்.”